ஈ காணும் இயக்கம்

திண்டிவனத்திலிருந்து ஓமந்தூர் நோக்கிப் பேருந்தில் செல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பலகணியின் ஓரத்தில் அமர்ந்து வெளியே நோக்குகிறோம். சாலையோரத்து மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கி விரைந்து ஓடுகின்றன. அவற்றிற்கு அப்பால் உள்ள வயல் வரப்புகள் சற்று மெதுவாக நகர்கின்றன. தொலைவில் நிற்கும் பனைமரங்களோ மிக மெதுவாக ஊர்கின்றன. வானத்து மேகம் நம்முடனேயே பயணம் செய்வதுபோலத் தோன்றுகிறது. மரம் ஓடவில்லை, பனை ஊரவில்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும் அவை ஓடும் காட்சியிலிருந்தே நாம் செல்லும் திசையையும் விரைவையும் உணர்ந்துகொள்கிறோம்.

ஓமந்தூர் வந்துவிட்டது. 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கிய ஓ. பி. இராமசாமி ரெட்டியார் பிறந்த ஊர் அதுவே. பேருந்தினின்றும் இறங்கி, ஒரு சிறு கடையின் முன் நிற்கிறோம். அங்கே வாழைத்தார் ஒன்று தொங்குகிறது. பழுத்த பழமொன்றின்மீது ஓர் ஈ அமர்ந்திருக்கிறது. அதனை ஓட்டக் கையை ஓங்குகிறோம். கை அருகிற் செல்லுமுன்னரே ஈ பறந்துவிடுகிறது. எத்துணை விரைவாக ஓங்கினாலும் நாம் தோற்கிறோம், ஈ வெல்கிறது.

இந்தத் தோல்வி நாள்தோறும் நமக்கு நேர்வது. ஆதலால் நாம் அதனைப்பற்றி எண்ணுவதே இல்லை. ஆனால் அறிஞர் சிலர் எண்ணினர். கை வருகிறது என்பதை ஈ எவ்வாறு அறிந்தது? அதன் தலைக்குள் இருக்கும் மூளை ஒரு கசகசா விதையினும் பெரிதன்று. அச்சிறு மூளையில், அசைவைக் கண்டுகொள்ளும் வேலை எங்கே, எவ்வாறு நடைபெறுகிறது? இவ்வினாக்களுக்கு விடை காண அரை நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. அவ்விடையின் வரலாற்றை இப்பாடத்திற் காண்போம்.

அசைவைக் காண்பது அவ்வளவு பெரிய செயலா என்று நீங்கள் கேட்கலாம். கண் திறந்திருந்தால் அசைவு தானே தெரியாதா? தெரியாது என்பதற்கு ஒரு துயர நிகழ்ச்சி சான்றாக உள்ளது. 1983ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு அறிஞர் மூவர் ஒரு பெண்மணியின் நிலையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். நோயினால் அவருடைய மூளையின் பின்பகுதியில் இருபுறமும் சேதம் உண்டாயிற்று. அவருக்கு நிறம் தெரிந்தது, உருவம் தெரிந்தது, நூல்களைப் படிக்கவும் முடிந்தது. ஆனால் அசைவு மட்டும் தெரியாமற் போயிற்று. கோப்பையில் தேநீர் ஊற்றினால், அது உறைந்துபோன பனிக்கட்டிபோல் அவருக்குத் தோன்றும். கோப்பையில் தேநீர் ஏறுவது தெரியாமையால், எப்பொழுது நிறுத்துவது என்பதும் தெரியாது. அறையில் இருப்பவர் ஒருகணம் அங்கே இருப்பார். மறுகணம் இங்கே இருப்பார். இடையில் நடந்து வந்தது தெரியாது. தெருவைக் கடப்பதோ பேரச்சம் தருவதாயிற்று. தொலைவில் நின்ற வண்டி திடீரென்று அருகில் நிற்கும். அவர் நாளடைவில் வண்டிகளின் ஓசையைக் கேட்டே அவற்றின் தொலைவை அளந்தறியப் பழகிக்கொண்டார்.

இதனின்று நாம் அறிவது யாது? பொருளைக் காண்பது வேறு. பொருளின் அசைவைக் காண்பது வேறு. அசைவைக் காண மூளையில் தனிப்பட்டதோர் ஏற்பாடு வேண்டும். அவ்வேற்பாடு இல்லையேல் மனிதன் தெருவைக் கடத்தல் அரிது. ஈ ஒருநாள் உயிர் பிழைத்திருத்தலும் அரிது.

இனி ஈயின் கண்ணைக் காண்போம். நம் கண்ணில் ஒரே ஒரு வில்லை உண்டு. ஈயின் கண்ணோ பல சிறு கண்கள் சேர்ந்து அமைந்தது. இதனைக் கூட்டுக்கண் என்பர். அறிஞர்கள் பெரிதும் ஆராய்வது, கனிந்த பழங்களைச் சுற்றி மொய்க்கும் மிகச் சிறிய பழ ஈயை ஆகும். அதன் நீளம் 3 மில்லிமீட்டருக்கு மேற்படாது. அதன் ஒவ்வொரு கூட்டுக்கண்ணிலும் ஏறக்குறைய 750 சிறுகண்கள் உள்ளன. ஒவ்வொரு சிறுகண்ணும் தனக்கென ஒரு வில்லையும், ஒளியை உணரும் 8 உயிரணுக்களும் கொண்டது. தேன்கூட்டின் அறைகளைப்போல இச்சிறுகண்கள் அறுகோணமாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

இத்துணைக் கண்கள் இருப்பதால் ஈயின் பார்வை கூர்மையானது என்று கருதுதல் கூடாது. கையை நேரே நீட்டிப் பெருவிரலை உயர்த்திப் பாருங்கள். அவ்விரலின் அகலம் உங்கள் கண்ணுக்கு ஏறக்குறைய 2 பாகை அளவாகத் தெரியும். பழ ஈயின் ஒரு சிறுகண்ணுக்கும் அடுத்த சிறுகண்ணுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய 5 பாகை. ஆகவே, இரண்டு பெருவிரல் அகலத்திற்குள் அடங்கும் நுணுக்கங்களெல்லாம் அதற்கு ஒரே புள்ளியாகவே தோன்றும். செய்தித்தாளின் எழுத்தைப் படிக்க ஈயால் இயலாது.

கூர்மையில் குறைந்த அக்கண் விரைவில் மிகுந்தது. ஒரு விளக்கை நொடிக்கு 60 முறைக்கு மேல் அணைத்து ஏற்றினால், அது இடைவிடாது எரிவதாகவே நமக்குத் தோன்றும். வீட்டு ஈயின் கண்ணோ நொடிக்கு 200 முறைக்கு மேலும் அவ்விளக்கு அணைந்து எரிவதைப் பிரித்தறியும். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் நம்முன் ஓடுகின்றன. நமக்கு அவை தொடர்ந்த காட்சி. ஈ திரைப்படம் காணச் சென்றால், தனித்தனிப் படங்களை ஒருவர் மாற்றி மாற்றிக் காட்டுவதாகவே அதற்குத் தோன்றக்கூடும்.

ஆனால் விரைவான கண் மட்டும் போதாது. இங்கேதான் உண்மையான சிக்கல் தோன்றுகிறது. ஒளியை உணரும் ஓர் உயிரணு என்ன சொல்லும்? 'வெளிச்சம் கூடிற்று' என்று சொல்லும். அல்லது 'வெளிச்சம் குறைந்தது' என்று சொல்லும். அதற்குமேல் ஒன்றும் சொல்ல அதற்குத் தெரியாது. பொருள் வலப்புறம் சென்றதா, இடப்புறம் சென்றதா என்பதை அவ்வணு அறியாது. அவ்வாறாயின் திசையை அறிவது யார்?

ஓர் உவமையால் இதனை விளக்குவோம். இரவு நேரம். சிற்றூர் ஒன்றின் தெருவில் விளக்கில்லை. தெருவின் ஓரத்தில் கிழக்கே ஒரு வீடும் மேற்கே ஒரு வீடும் உள்ளன. ஒவ்வொரு வீட்டின் சுவரிலும் தெருவை நோக்கி ஒரு சிறு துளை மட்டும் உண்டு. ஒவ்வொரு துளையின் அருகிலும் ஒரு சிறுவன் அமர்ந்திருக்கிறான். வண்டியொன்று அவ்வழியே சென்றால், அதன் விளக்கொளி துளையின் வழியாக ஒருகணம் வீசி மறையும். கிழக்கு வீட்டுச் சிறுவனுக்கு ஒளி வந்ததுதான் தெரியும். வண்டி எப்பக்கம் சென்றது என்று தெரியாது. மேற்கு வீட்டுச் சிறுவனுக்கும் அவ்வாறே.

இவ்விரு வீடுகளுக்கும் நடுவே, உட்புறமாக ஓர் அறையில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒளியைக் கண்டதும் சிறுவர் இருவரும் அவரிடம் ஓடிச்சென்று கூறவேண்டும். மேற்கு வீட்டுச் சிறுவன் உடனே ஓடவேண்டும். கிழக்கு வீட்டுச் சிறுவனோ திண்ணையில் 3 நொடி அமர்ந்திருந்து, அதன்பின்னரே ஓடவேண்டும். இருவரும் ஒருங்கே வந்து சேர்ந்தால் மட்டும் பெரியவர் மணியை அடிப்பார். ஒருவன் முன்னும் ஒருவன் பின்னுமாக வந்தால் அடிக்கமாட்டார். இதுவே ஏற்பாடு.

வண்டி கிழக்கு வீட்டிலிருந்து மேற்கு வீட்டிற்குச் செல்ல 3 நொடி ஆகிறது என்று கொள்வோம். கிழக்கிலிருந்து வண்டி வந்தால், கிழக்குச் சிறுவன் ஒளியைக் கண்டு 3 நொடி காத்திருக்கிறான். அதற்குள் வண்டி மேற்கு வீட்டை அடைகிறது. இருவரும் ஒரே நேரத்தில் புறப்படுகின்றனர், ஒருங்கே வந்து சேர்கின்றனர், மணி ஒலிக்கிறது. வண்டி மேற்கிலிருந்து வந்தால் என்ன ஆகும்? மேற்குச் சிறுவன் முதலிலேயே புறப்பட்டுவிடுவான். கிழக்குச் சிறுவன் 3 நொடி கழித்து ஒளியைக் கண்டு, மேலும் 3 நொடி காத்திருந்து, 6 நொடி பிந்திப் புறப்படுவான். இருவரும் ஒருங்கே சேரார்; மணி ஒலியாது. ஆகவே மணி ஒலித்தால், வண்டி கிழக்கிலிருந்து மேற்கே சென்றது என்பது உறுதி. தெருவை ஒருமுறையும் பார்த்திராத பெரியவர், வண்டியின் திசையை அறிந்துகொள்கிறார். எதிர்த் திசையை அறிய வேண்டுமானால், மேற்குச் சிறுவனைக் காக்கவைக்கும் மற்றொரு பெரியவரை அமர்த்தினாற் போதும்.

இவ்வேற்பாட்டில் மூன்று உறுப்புகள் உள்ளன. அடுத்தடுத்த இரண்டு இடங்களிலிருந்து செய்தி வரவேண்டும். அவற்றுள் ஒன்று சற்றே தாமதிக்க வேண்டும். இரண்டும் ஓரிடத்தில் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட வேண்டும். ஈயின் மூளையிலும் இம்மூன்றே உள்ளன. அங்கே தாமதம் 3 நொடியன்று. ஒரு நொடியின் மிகச் சிறிய கூறு மட்டுமே.

இக்கருத்தை முதன்முதலில் தெளிவாக எடுத்துக் காட்டியவர் ஜெர்மனி நாட்டினராகிய பெர்ன்ஹார்ட் ஹாசன்ஸ்டைன், வெர்னர் ரைக்கார்ட் என்னும் இருவர். முன்னவர் உயிரியல் அறிஞர்; பின்னவர் இயற்பியல் அறிஞர். இரண்டாம் உலகப் போரின்போது நண்பர்களான இவர்கள், போர் முடிந்தபின் ஒன்றுகூடி ஆராய்ந்தனர். முதலில் அவர்கள் ஆராய்ந்தது ஈயை அன்று. கூன்வண்டு இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு வண்டினை.

அவர்கள் செய்த சோதனை எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. வண்டின் முதுகை ஒரு பிடியில் ஒட்டி, அதனை அசையாமல் நிறுத்தினர். மெல்லிய வைக்கோற் குச்சிகளை வளைத்துக் கட்டிய ஓர் உருண்டையை அதன் கால்களில் கொடுத்தனர். வண்டு அவ்வுருண்டையைப் பற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கிற்று. உண்மையில் வண்டு நின்ற இடத்திலேயே நின்றது. உருண்டைதான் அதன் காலடியில் சுழன்றது. குச்சியின் வழியே நடந்துசென்றால் ஒரு கவர்வழி வரும். வலப்புறம் செல்வதா, இடப்புறம் செல்வதா என்று வண்டு அங்கே முடிவு செய்யவேண்டும். முடிவு செய்து சில அடி வைத்தால் மீண்டும் ஒரு கவர்வழி வரும். இவ்வாறு முடிவில்லாத பாதையில் வண்டு நடந்தது. அதனைச் சுற்றிலும் கறுப்பும் வெள்ளையுமான கோடுகளை அறிஞர் நகர்த்தினர். கோடுகள் வலப்புறம் நகர்ந்தால் வண்டு பெரும்பாலும் வலப்புறம் திரும்பியது. இடப்புறம் நகர்ந்தால் இடப்புறம் திரும்பியது.

வண்டு ஏன் அவ்வாறு திரும்பவேண்டும்? சுற்றியுள்ள உலகம் முழுவதும் ஒருங்கே சுழல்வது இயற்கையில் நிகழாதது. அவ்வாறு தோன்றினால், தான் வழி தவறித் திரும்பிவிட்டதாகவே உயிர் கொள்ளும். ஆகவே தன் போக்கைத் திருத்திக்கொள்ள அது காட்சியின் பின்னே திரும்புகிறது. காற்று ஒருபுறமாகத் தள்ளும்போது, பறக்கும் ஈ தன் வழியைக் காத்துக்கொள்வதும் இம்முறையினாலேயே.

ஒவ்வொரு கவர்வழியிலும் வண்டு செய்த முடிவை அவர்கள் எண்ணிக் கணக்கிட்டனர். அக்கணக்கில் வியப்பான செய்தியொன்று வெளிப்பட்டது. அடுத்தடுத்த இரு புள்ளிகளில் முதலாவது ஒளி பெற்று, பிறகு இரண்டாவதும் ஒளி பெற்றால், வண்டு அத்திசையில் திரும்பியது. முதலாவது இருண்டு, பிறகு இரண்டாவதும் இருண்டாலும் அதே திசையில் திரும்பியது. ஆனால் முதலாவது ஒளி பெற்று, இரண்டாவது இருண்டால், வண்டு எதிர்த்திசையில் திரும்பியது! கணக்குப் பாடத்தில் நீங்கள் கற்றதை நினைவுகூருங்கள். மிகை எண்ணை மிகை எண்ணால் பெருக்கினால் மிகை எண் வரும். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினாலும் மிகை எண்ணே வரும். மிகையையும் குறையையும் பெருக்கினால் குறை எண் வரும். வண்டின் மூளை, தனக்கு வந்த இரண்டு செய்திகளையும் பெருக்கிப் பார்க்கிறது என்று அவ்விருவரும் முடிவு செய்தனர். 1956ஆம் ஆண்டில் இம்முடிவைக் கணக்கு முறையில் வெளியிட்டனர். மூளையைத் திறவாமலே, நடையை மட்டும் எண்ணி, உள்ளே நடப்பதை உணர்ந்த திறம் போற்றற்குரியது.

வண்டிற்கும் ஈக்கும் மட்டுமே உரியதா இம்முறை? அன்று. 1965ஆம் ஆண்டில் பார்லோ, லெவிக் என்னும் அறிஞர் இருவர் முயலின் விழித்திரையில், ஒரு திசை அசைவுக்கு மட்டும் செயற்படும் நரம்பணுக்களை ஆராய்ந்து, அங்கும் அடுத்தடுத்த இடங்களின் செய்திகள் கால வேறுபாட்டுடன் ஒப்பிடப்படுவதைக் கண்டனர். திரைப்படத்தில் உண்மையில் ஒன்றும் அசைவதில்லை. நிலையான படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைகின்றன. ஆயினும் நாம் ஓட்டத்தையும் ஆட்டத்தையும் காண்கிறோம். இரு துளைகளுக்கு எதிரே இரு விளக்குகளை 3 நொடி இடைவெளியில் ஏற்றி அணைத்தாலும், நம் கதையின் பெரியவர் மணியடித்துவிடுவார் அல்லவா? அதுபோன்றதே நம் மூளை திரைப்படத்தில் ஏமாறுவதும்.

ஆனால் அந்தப் 'பெரியவர்' ஈயின் மூளையில் எங்கே இருக்கிறார்? கணக்கு கிடைத்துவிட்டது, கணக்கைச் செய்யும் நரம்பணு கிடைக்கவில்லை. கண்ணின் பின்னே நரம்பணுக்கள் நான்கு பகுதிகளாக அமைந்துள்ளன. ஸ்பெயின் நாட்டுப் பேரறிஞர் காகல் என்பவரும் சான்செஸ் என்பவரும் பூச்சிகளின் இப்பகுதிகளை நுண்பெருக்காடியில் கண்டு, அவற்றின் படங்களை 1915ஆம் ஆண்டிலேயே வரைந்து வெளியிட்டனர். நான்காம் பகுதியில் உள்ள பெரிய நரம்பணுக்கள் திசையை அறிவன என்பதும் பின்னர்த் தெரியவந்தது. ஆனால் அவை பல இடத்துச் செய்திகளைத் தொகுத்துக் கூறுபவையே. அவற்றுக்குச் செய்தி தரும் சிறிய அணுக்கள், மின்னோட்டத்தை அளக்கும் ஊசியால் தொடுவதற்கும் அரியனவாய் இருந்தன.

புதியதொரு வழி பிறந்தது. நரம்பணு வேலை செய்யும்போது மிகுதியாக ஒளிரும் புரதம் ஒன்றை அறிஞர் உருவாக்கினர். அதன் ஒளிரும் பகுதி கடலில் வாழும் சொறிமீனிடமிருந்து பெறப்பட்டது. பழ ஈயின் மரபணுக்களில் இதனைச் சேர்த்துவிட்டால், வேண்டிய நரம்பணுவில் மட்டும் அப்புரதம் உண்டாகும். ஈயின் முன்னே கோடுகளை நகர்த்திக்கொண்டு, நுண்பெருக்காடியின் வழியாக நோக்கினால், எவ்வணு எப்பொழுது ஒளிர்கிறது என்பதைக் காணலாம். 2013ஆம் ஆண்டில், ஜெர்மனியில் மியூனிக் நகரின் அருகே அலெக்சாந்தர் போர்ஸ்ட் என்பவரின் ஆய்வுக்குழுவினர் இம்முறையால் டி-4, டி-5 என்னும் பெயர் கொண்ட நரம்பணுக்களை ஆராய்ந்தனர். தேடிய பெரியவர் அங்கே இருந்தார்!

டி-4 அணுக்கள் ஒளிமிக்க விளிம்புகளின் அசைவை அறிகின்றன. டி-5 அணுக்கள் இருண்ட விளிம்புகளின் அசைவை அறிகின்றன. ஒவ்வொன்றிலும் நான்கு வகை உண்டு. ஒருவகை முன்னிருந்து பின்னோக்கிய அசைவுக்கும், மற்றொன்று பின்னிருந்து முன்னோக்கிய அசைவுக்கும், மூன்றாவது மேல்நோக்கிய அசைவுக்கும், நான்காவது கீழ்நோக்கிய அசைவுக்கும் உரியது. ஏறக்குறைய ஒவ்வொரு சிறுகண்ணுக்கும் இந்த எட்டு அணுக்கள் உள்ளன. பழ ஈயின் ஒரு கண்ணுக்கு ஏறக்குறைய 6,000 அணுக்கள் இவ்வேலையில் ஈடுபட்டுள்ளன என்று இதனால் கணக்கிடலாம். நான்கு வகை அணுக்களும் தத்தம் செய்தியை, நான்காம் பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த நான்கு அடுக்குகளில் கொண்டு சேர்க்கின்றன. அஞ்சல் நிலையத்தில் திசைவாரியாகக் கடிதங்களைப் பிரித்து வைப்பது போன்றது இவ்வமைப்பு.

பெருக்கற் கணக்கை ஓர் அணு எவ்வாறு செய்யும்? அதே குழுவினர் 2022ஆம் ஆண்டில் இதற்கும் விடை கண்டனர். ஒரு கதவை எண்ணிக்கொள்ளுங்கள். முதலிடத்தின் செய்தி வராதவரை அக்கதவு மூடியே இருக்கும். அங்கு ஒளி கூடியதும் கதவு திறக்கும். அந்நேரத்தில் இரண்டாம் இடத்தின் செய்தி வந்தால், அது முழு வலிமையுடன் உள்ளே நுழையும். கதவு திறவாதபோது வந்த செய்தி வலுவிழந்து போகும். திறந்த கதவும், வந்த செய்தியும் ஒருங்கே சேரும்போதுதான் அணு உரக்கச் செயற்படுகிறது. இதுவே டி-4 அணு செய்யும் பெருக்கல்.

இத்துறையில் நம் நாட்டினரின் பங்கும் சிறிதன்று. ஒபைத் சித்திகி என்னும் அறிஞர், ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று, 1962ஆம் ஆண்டில் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூற்று உயிரியல் பிரிவைத் தொடங்கினார். 1970களில் அவர் அமெரிக்க அறிஞர் சீமோர் பென்சருடன் சேர்ந்து, விந்தையான சில பழ ஈக்களை ஆராய்ந்தார். வெப்பம் ஏறினால் அவ்வீக்கள் செயலற்று விழுந்துவிடும். வெப்பம் தணிந்தால் எழுந்து நடக்கும். மரபணு ஒன்றில் நேர்ந்த மாற்றமே அதற்குக் காரணம். பிற்காலத்தில் பெங்களூரில் தேசிய உயிரியல் ஆய்வு மையம் தோன்றவும் அவரே காரணராக இருந்தார். 2013ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

வெப்பத்தால் செயலறும் இவ்வகை மாற்றம் பின்னர் ஆராய்ச்சிக்குச் சிறந்த கருவியாயிற்று. வேண்டிய நரம்பணுவில் மட்டும் அம்மாற்றத்தைச் செய்துவிட்டால், வெப்பத்தைக் கூட்டியதும் அவ்வணு மட்டும் வாய்மூடிவிடும். டி-4, டி-5 அணுக்களின் வாயை மூடியபோது, ஈயின் நிலை நாம் முன்னே கண்ட பெண்மணியின் நிலையைப் போலாயிற்று. சுற்றிலும் கோடுகள் நகர்ந்தாலும் ஈ அவற்றின் பின்னே திரும்பவில்லை. ஆனால் கறுப்புக் கோடு ஒன்று எங்கே நிற்கிறது என்பதை அறிந்து, அதனை நோக்கிச் செல்ல அதனால் முடிந்தது. பொருள் தெரிந்தது, அசைவு தெரியவில்லை.

மற்றொருவர் மாண்டியம் வீரம்புடி சீனிவாசன். பொறியியல் கற்ற இவர், 1970களில் யேல் பல்கலைக்கழகத்தில் ஈயின் பார்வையை ஆராய்ந்தார். பின்னர் ஆஸ்திரேலியா சென்று தேனீக்களை ஆராய்ந்தார். கோடுகள் வரைந்த இரு சுவர்களுக்கு நடுவே தேனீக்களைப் பறக்க விட்டார். அவை நட்டநடுவே பறந்தன. பிறகு ஒரு சுவரைத் தேனீ பறக்கும் திசையிலேயே நகர்த்தினார். அப்பக்கத்துக் காட்சி மெதுவாக ஓடிற்று. உடனே தேனீ அச்சுவரின் அருகே நெருங்கிப் பறந்தது. மெதுவாக நகரும் பனைமரம் தொலைவில் உள்ளது என்று பேருந்தில் நாம் உணர்ந்ததுபோல, மெதுவாக ஓடும் சுவர் தொலைவில் உள்ளது என்று தேனீ கொண்டது. இருபுறமும் காட்சி ஒரே விரைவில் ஓடுமாறு பறந்தால், நடுவழியே செல்லலாம் என்பது தேனீ அறிந்த கணக்கு. ஆளில்லாமற் பறக்கும் சிறு விமானங்களை இடிபடாமற் செலுத்த, இக்கணக்கை அவர் பயன்படுத்தினார். 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியப் பிரதமரின் அறிவியற் பரிசு அவருக்குக் கிடைத்தது.

2024ஆம் ஆண்டில் பழ ஈயின் மூளை முழுவதற்கும் ஒரு வரைபடம் வெளியாயிற்று. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாலா மூர்த்தி, செபாஸ்டியன் சியூங் ஆகியோர் இப்பணிக்குத் தலைமை தாங்கினர். பல நாட்டு அறிஞரும், ஆர்வமுள்ள பொதுமக்களும் அதில் பங்குகொண்டனர். அம்மூளையில் 1,39,255 நரம்பணுக்கள் உள்ளன என்றும், அவற்றிடையே 5 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் உள்ளன என்றும் அவ்வரைபடம் காட்டியது. அந்நரம்பணுக்களுள் பாதிக்கு மேற்பட்டவை பார்வைக்கே உரியவை. சிற்றுயிரின் வாழ்வில் பார்வைக்கு உள்ள சிறப்பினை இதனால் அறியலாம்.

இனி, ஓமந்தூர்க் கடையில் நாம் விட்டுவந்த ஈயிடம் திரும்புவோம். நம் கை ஈயை நோக்கி வரும்போது, அதன் கண்ணில் கையின் உருவம் எல்லாப் பக்கமும் விரிந்துகொண்டே செல்கிறது. மேல் விளிம்பு மேல்நோக்கி நகர்கிறது. கீழ் விளிம்பு கீழ்நோக்கி நகர்கிறது. வலமும் இடமும் அவ்வாறே அகல்கின்றன. நான்கு திசை அணுக்களும் ஒருங்கே குரல் கொடுக்கின்றன. அந்நான்கு அடுக்குகளிலும் கைந்நீட்டி நிற்கும் மற்றொரு வகை நரம்பணு உண்டு. நடுவிலிருந்து நான்கு திசையிலும் அசைவு விரிந்தால் மட்டுமே அது செயற்படும். 'ஏதோ ஒன்று என்னை நோக்கி வருகிறது' என்பதே அதன் பொருள். அச்செய்தி தடித்த நரம்பொன்றின் வழியாகக் கால்களுக்கும் சிறகுகளுக்கும் விரைகிறது. ஆபத்து வரும் திசைக்கு எதிர்த்திசையில் தாவுவதற்கேற்ப, தாவுமுன்னரே ஈ தன் கால்களை மாற்றி ஊன்றிக்கொள்கிறது. நாம் ஓங்கிய கை பழத்தை அடையும்போது, ஈ அங்கே இல்லை.

சுவரில் பல்லி பூச்சியைப் பிடிப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அது தொடக்கத்திலேயே பாய்வதில்லை. அசைவே தெரியாதபடி மெல்ல மெல்ல ஊர்ந்து, மிக அருகில் சென்றபின்னரே பாய்கிறது. நம் கதையில், வண்டி மிக மெதுவாகச் சென்றால் சிறுவர் இருவரும் ஒருங்கே சேரார் அல்லவா? மணியும் ஒலியாது. அதுபோல, மிக மெதுவான அசைவு பூச்சியின் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. அறிஞர்கள் கணக்கிட்டு அறிந்த குறையைப் பல்லி தன் இயல்பினாலேயே பயன்படுத்திக்கொள்கிறது.

ஈ நமக்குத் தொல்லை தருவது, நோய் பரப்புவது. அதனை விரட்டுதல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது நம் கையினின்றும் தப்பிச் செல்லும் அந்த ஒரு கணத்தில், பல்லாயிரம் நரம்பணுக்கள் கூடிப் பெருக்கற் கணக்கொன்றைச் செய்து முடிக்கின்றன. அக்கணக்கைப் புரிந்துகொண்டமையால், நம் மூளை அசைவைக் காணும் வழியையும் ஓரளவு புரிந்துகொண்டோம். வானூர்திக்கு வழி காட்டவும் கற்றுக்கொண்டோம். அடுத்தமுறை நீங்கள் பேருந்தில் அமர்ந்து மரங்கள் ஓடுவதைக் காணும்போதும், சாலையைக் கடக்க நின்று வரும் வண்டியை நோக்கும்போதும், உங்கள் தலைக்குள் நிகழும் அரிய செயலை எண்ணிப் பாருங்கள். நாள்தோறும் காணும் சிறு நிகழ்ச்சியை அற்பம் என்று தள்ளிவிடாமல், 'இஃது எவ்வாறு நிகழ்கிறது?' என்று கேட்பவர்க்கே இயற்கை தன் உண்மைகளைக் காட்டுகிறது. அந்த வினாவை எழுப்புவதற்குப் பழத்தின்மீது அமர்ந்த ஓர் ஈயே போதும்.